காய்ந்த மரமும் பல் செட்டும்

பச்சை மரத்தில் கதவு செய்ய ஆசாரி சம்மதிக்க மாட்டார். காய்ந்ததும் மரம் சுருங்கும், கோணும், நிலையில் உட்காராது. முழுப் பல் செட் செய்பவர்களுக்கும் வெகுகாலமாக இதே தலைவலிதான்.

பல் இல்லாத வாயில் செட்டைப் பிடித்து நிறுத்துவதில் பெரும்பங்கு, ஈறுக்கும் அதன்மேல் படியும் செட்டின் தகட்டுக்கும் நடுவே பரவும் மெல்லிய எச்சில் படலத்துக்கு உண்டு. ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒட்டிவைத்துப் பிரித்துப் பாருங்கள், புரியும். இடைவெளி விழுந்தால் பிடிப்பு போச்சு. மேல் செட்டுக்கு அண்ணம் முழுக்கப் படிய இடமிருக்கிறது. கீழே இடமும் குறைவு; நாக்கு வேறு ஓயாமல் தள்ளும். “கீழ் செட்டு ஆடுது டாக்டர்” என்ற புகார் அதனால்தான் அதிகம்.

19ஆம் நூற்றாண்டில் இந்தத் தகட்டை வல்கனைட் என்ற கெட்டி ரப்பரில் செய்தார்கள். 1930களின் பிற்பகுதியில் அக்ரிலிக் வந்தது. ஈறின் நிறம், குறைந்த எடை, உடைந்தால் ஒட்டிக்கொள்ளும் வசதி என்று எல்லாம் கூடிவரவே அது நிலைத்துவிட்டது. லேபில் அக்ரிலிக் தூளையும் திரவத்தையும் கலந்து, மாவுப் பதம் வந்ததும் அச்சுக்குள் அழுத்தி, வெந்நீரில் மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். திரவம் மட்டும் தனியாக இறுகினால் கன அளவில் சுமார் 21 சதவீதம் சுருங்கும். ஒரு பங்கு திரவத்துக்கு மூன்று பங்கு தூள் சேர்ப்பதால் அது 6, 7 சதவீதமாகக் குறைகிறது, மறைந்துவிடுவதில்லை. மிச்சச் சுருக்கம் நோயாளியின் செட்டிலேயே நடக்கிறது. அண்ணத்தின் நடுவில் தகடு லேசாகத் தூக்கிக்கொள்ளும்.

கணினி வழி செதுக்கும் முறை இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. தொழிற்சாலையிலேயே அதிக அழுத்தத்தில் அக்ரிலிக்கை இறுகவைத்து, 98 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டக் கட்டியாக்கிவிடுகிறார்கள். சுருங்க வேண்டியது அங்கேயே சுருங்கிவிடும். கணினியில் வரைந்த வடிவத்தை அந்தக் கட்டியிலிருந்து இயந்திரம் குடைந்தெடுக்கிறது. ஆசாரியின் காய்ந்த மரம் இதுதான். இறுகாமல் தங்கி ஈறை உறுத்தும் திரவமும் இதில் குறைவு.

முப்பரிமாண அச்சு வேறு வகை. ஒளி பட்டால் இறுகும் பிசினை 50, 100 மைக்ரான் அடுக்குகளாக அடுக்கி, கழுவி, மீண்டும் ஒளியில் பதப்படுத்துவார்கள். சேதாரமும் செலவும் குறைவு; ஆனால் சுருக்கம் இங்கே மறுபடி எட்டிப்பார்க்கும். உறுதியிலும் பொதுவாகச் செதுக்கியதே மேல்.

எதுவானாலும் டாக்டரின் கைக்கு ஓய்வில்லை. ஈரமாகவும் நெகிழ்ந்தும் இருக்கும் ஈறை ஸ்கேனர் பிடிப்பது கடினம். அதனால் பலர் வழக்கம்போல் அளவெடுத்து, அந்த அளவைத்தான் ஸ்கேன் செய்கிறார்கள். தாடைகள் எந்த உயரத்தில் கடிக்க வேண்டும், உதடு எவ்வளவு நிரம்பித் தெரிய வேண்டும் என்பதும் அவர் பார்த்து முடிவு செய்வதே. லாபம் வேறு இடத்தில்: ஐந்து முறை போக வேண்டிய இடத்தில் இரண்டு, மூன்று முறை போதும். செட் தொலைந்தாலும் கோப்பு இருக்கும். ஆனால் பல் போன எலும்பு வருடா வருடம் தேயும். பழைய கோப்பு எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது.

செட் கட்டப் போனால், “செதுக்கியதா, அச்சிட்டதா, வேகவைத்ததா?” என்று கேளுங்கள். இரவில் கழற்றிச் சாதாரண நீரில் போடுங்கள். வெந்நீர் மட்டும் வேண்டாம். கோணாமல் செய்து தந்ததை வீட்டில் நாமே கோணலாக்கிக்கொள்ள வேண்டாமே!