பொங்கும் பாதாளச் சாக்கடை: மனுவை எந்த மேசையில் வைப்பது?

மதுரை செல்லூரில் தெருவில் ஓடும் கழிவுநீருக்கு ஒரே அலுவலகம் பொறுப்பில்லை. தெருவுக்கு அடியில் போகும் பாதாளச் சாக்கடை, வீட்டு இணைப்பு, கழிவுநீரேற்று நிலையம், குடிநீர்க் குழாய், தெருவிளக்கு ஆகியவை மதுரை மாநகராட்சியைச் சேர்ந்தவை. அங்குள்ள கண்மாயும் அதன் மடையும் மறுகாலும் நீர்வளத்துறையின் கையில் இருக்கின்றன. அறுந்து தொங்கும் மின்கம்பி மின்வாரியத்தின் பொறுப்பு. மழைக்காலத்தில் கண்மாய் நீரும் சாக்கடை நீரும் ஒன்றாகக் கலந்து வீட்டுக்குள் வரும்போது ஒரு துறை அடுத்த துறையைக் கைகாட்டும். புகார் சொன்னவர் நடுவில் நிற்பார். இங்கே பெரும்பாலான புகார்கள் வீணாவதற்குக் காரணம் சட்டத்தில் உள்ள ஓட்டை அல்ல. புகார் வாய்மொழியாகவே நின்றுவிடுகிறது, அல்லது தவறான மேசைக்குப் போகிறது.

2024 அக்டோபர் 25 அன்று சில மணி நேரத்தில் கொட்டிய மழையில் செல்லூரும், கட்டபொம்மன் நகரை ஒட்டிய பகுதிகளும் நீரில் மூழ்கின. கண்மாய் நிறைந்து வழியும் நீரை வைகைக்குக் கொண்டுபோக வேண்டிய பந்தல்குடி வாய்க்கால், நகருக்குள் வந்ததும் கழிவுநீர்க் கால்வாயாகிவிடுகிறது. அந்த வெள்ளத்துக்குப் பிறகு கண்மாயிலிருந்து வைகை வரை 11.9 கோடி ரூபாயில் சிமென்ட் கால்வாய் அமைக்கப்படும் என அரசு அறிவித்தது. 2025 மே 31 அன்று முதலமைச்சர் மதுரைக்கு வந்தபோது பந்தல்குடி வாய்க்கால் கண்ணில் படாதபடி துணி கட்டி மறைக்கப்பட்டது. செய்தி வெளியானதும் அவரே அங்கு போய்ப் பார்வையிட்டார். துணி கட்டும் யோசனை வந்த தலைகளுக்கு வேறு யோசனை ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு எந்தக் கோப்பிலும் பதில் இருக்காது.

சாக்கடை பொங்குவதில் குடியிருப்போரின் பங்கும் குறைவானதல்ல. பாதாளச் சாக்கடைக் குழாய் கழிவுநீரின் அளவுக்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டது. மொட்டைமாடி மழைநீர்க் குழாயை அதில் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள், ஒரு மணி நேர மழையிலேயே மேட்டுத் தெருவின் தண்ணீரைப் பள்ளத் தெருவின் கழிவறை வழியாக மேலே வரச் செய்கிறார்கள். மழையில் தெருவில் தேங்கும் நீரை வடிக்க மேன்ஹோல் மூடியைத் தூக்கிவிடுவது இதைவிட ஆபத்தானது. கலங்கிய நீருக்குள் திறந்து கிடக்கும் குழி யார் கண்ணுக்கும் தெரியாது. மூடியைத் திறக்கக் கூடாது. அடையாளத்துக்குக் கம்பு நட்டுவைத்தாலும் திறக்கக் கூடாது.

அடைப்பு எடுக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துக் காசு கொடுத்துக் குழிக்குள் இறக்குவது குற்றம். 2013-ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் பணிக்குத் தடை விதிக்கும் சட்டத்தின்படி, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடையிலோ மலக்குழியிலோ ஆளை இறக்கும் வீட்டுக்காரரும் ஒப்பந்ததாரரும் தண்டனைக்கு உரியவர்கள். முதல் குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறை, 2 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறங்குபவர் தாமே சம்மதித்தார் என்பது தற்காப்பாகாது. 2022 ஏப்ரலில் பழங்காநத்தம் நேரு நகரில் இருந்த மாநகராட்சிக் கழிவுநீரேற்று நிலையத்திலேயே விஷவாயு தாக்கி ஒப்பந்தத் தொழிலாளர்கள் மூவர் இறந்தனர். மாநகராட்சியின் சொந்த வளாகத்தில் நடந்ததுதான் தெருமுனையிலும் நடக்கும். அடைப்பு எடுக்க ஜெட்ராடிங் வண்டியும் உறிஞ்சு வண்டியும் கேட்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டி, சாக்கடை தொடர்பாக அழைக்கும் எண் 14420.

இனி மனு. கவுன்சிலரிடம் சொல்வது, வரி வசூலிக்க வருபவரிடம் சொல்வது, வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவது எல்லாம் நல்லதுதான். ஆனால் இவை எதுவும் புகாராகக் கணக்கில் வராது. எழுதிய மனு ஒன்று வேண்டும். அந்தப் பகுதியின் மண்டல அலுவலக உதவி ஆணையருக்கு எழுதி, பாதாளச் சாக்கடைப் பணியைக் கவனிக்கும் உதவிப் பொறியாளருக்கும், அறிஞர் அண்ணா மாளிகையில் உள்ள மாநகராட்சி ஆணையருக்கும் நகல் அனுப்ப வேண்டும்.

மனுவில் இருக்க வேண்டியவை: வார்டு எண், தெரு, குறுக்குத் தெரு, பழுதான மேன்ஹோலுக்கு நேர் எதிரே உள்ள வீட்டின் கதவு எண், அருகிலுள்ள மின்கம்பத்தில் எழுதப்பட்ட எண், எந்தத் தேதியிலிருந்து பொங்குகிறது, தினமும் எந்த நேரத்தில் அதிகம், தேதி தெரியும் படங்கள். சொந்த வீட்டுக்காரராக இருந்தால் சொத்து வரி விதிப்பு எண்ணும், பாதாளச் சாக்கடை இணைப்பு எண்ணும் சேர்க்கலாம். வாடகைக்கு இருப்பவருக்கு இவை தேவையில்லை. "வரி ரசீது கொண்டுவா" என்று அவரைத் திருப்பி அனுப்ப அலுவலகத்துக்கு உரிமையும் இல்லை. "சாக்கடைப் பிரச்சினை" என்று ஒற்றை வரியில் எழுதிய மனுவைக் கொண்டு ஊழியர் எந்தக் குழியைத் தேடுவார்? மனு எழுதுபவர் அதை யோசிப்பதில்லை.

ஒரே மனுவை இரண்டு பிரதி எடுத்துப் போக வேண்டும். ஒன்று தபால் பிரிவில் கொடுக்க. மற்றொன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள. முத்திரை போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அன்றே விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ப்பித்ததற்கான சான்றை எடுத்துவைத்தால் போதும். முத்திரையோ தபால் சான்றோ இல்லாத பிரதி, அலுவலகத்தைப் பொறுத்தவரை கொடுக்கப்படாத மனு. இதைத்தான் மக்கள் மறுபடி மறுபடி கோட்டைவிடுகிறார்கள்.

முதலமைச்சரின் உதவி மையத்தை 1100 என்ற எண்ணில் அழைத்தாலும் மனு எண் கிடைக்கும். ஆனால் தெருவில் கழிவுநீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று மனு முடித்துவைக்கப்படுவது உண்டு. அந்தப் பதிலைச் சேமித்து, அன்றைய படத்துடன் புதிய மனு கொடுத்து, பழைய மனு எண்ணை அதில் குறிப்பிட வேண்டும். பொய்யான பதில் கையில் இருப்பது மேல்முறையீட்டுக்கு நல்ல ஆதாரம்.

குடிநீரில் சாக்கடை கலந்தால் நாள் கடத்தக் கூடாது. நாற்றமோ நிறமோ மாறிய நீரைக் குடிப்பதை உடனே நிறுத்த வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் மாதிரியைச் சோதிக்கலாம். கிருமிச் சோதனைக்குக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்த பாட்டிலில் பிடித்து, குளிர்ச்சியாக வைத்து அன்றே சேர்க்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி 100 மில்லி குடிநீரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. அந்த அறிக்கையை மனுவுடன் இணைத்தால் "குழாய் சுத்தமாகத்தான் இருக்கிறது" என்ற பதில் செல்லாது. குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகளும் இந்தக் கலப்புக்குக் காரணம். குழாயில் அழுத்தம் இறங்கும்போது விரிசல் வழியே சாக்கடை உள்ளே இழுக்கப்படுகிறது.

மனுவுக்குப் பதில் வராவிட்டால் அடுத்தது தகவல் உரிமைச் சட்டம், 2005. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். "ஏன் சரிசெய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது. ஆவணம்தான் கேட்க வேண்டும். தமது மனுவின் மீது எழுதப்பட்ட குறிப்பின் நகல், அந்தத் தெருவில் தூர்வாரியதற்கான பணிப்பதிவு, ஒப்பந்தம், வழங்கப்பட்ட பில் ஆகியவற்றைக் கேட்கலாம். தூர்வாராத சாக்கடைக்குப் பில் போட்டிருந்தால் அது அங்கேதான் தெரியும். 30 நாளில் பதில் இல்லையென்றால் மறுப்பாகக் கருதி, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

பலருக்கும் தெரியாத கதவு ஒன்று வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. பொதுமக்களுக்குத் தொல்லை தரும் நிலையை நீக்க நிபந்தனை உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவு. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் என்ற சிறு நகரில் சாக்கடை நாற்றம் தாங்காத குடிமக்கள் அந்தப் பழைய 133-வது பிரிவின் கீழ்தான் போனார்கள். 1980-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர், பணமில்லை என்று சொல்லி நகராட்சி தன் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று தீர்ப்பளித்தார். "நிதி வரவில்லை" என்று இன்று சொல்லும் அதிகாரிக்கும் அந்தத் தீர்ப்பே பதில். மனுவின் தலைப்பில் பிரிவு எண்ணை எழுத வேண்டும். இல்லாவிட்டால் அது வழக்கமான குறைதீர் மனுவாக மறுபடி மாநகராட்சிக்கே திருப்பி அனுப்பப்படும்.

இழப்பீடும் வேண்டும் என்றால் நிரந்தர மக்கள் நீதிமன்றம். குடிநீர், துப்புரவு போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் அதன் வரம்புக்குள் வருகின்றன. ஒரு கோடி ரூபாய் வரையிலான தாவாக்களை விசாரிக்கலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. வேறு நீதிமன்றத்தில் வழக்குப் போடும் முன்பே இங்கு வர வேண்டும். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்ப்பதில்லை. அழைக்கும் எண் 15100.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடுவது கடைசி. அங்கே முதலில் பார்க்கப்படுவது, உரிய அதிகாரியிடம் எப்போது மனு கொடுக்கப்பட்டது என்பதுதான். முத்திரையிட்ட அந்தப் பிரதியையும், 1100-இன் பதிலையும், தகவல் உரிமை மனுவின் தபால் சான்றையும் தேதி வரிசையில் கோத்து வழக்கறிஞரிடம் கொடுக்க வேண்டும். அசலைக் கொடுக்கக் கூடாது. நகலைக் கொடுக்க வேண்டும்.