பல்லுக்கு அலைனர் போடப் போறீங்களா? அந்த ஓடிபியை சொல்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க



"கண்ணுக்கே தெரியாத கிளிப், மாசம் சில ஆயிரம் மட்டும்!" இந்த விளம்பரம் உங்க ஃபோன்லயும் வந்திருக்கும். என் அக்கா பொண்ணுக்கு முன்னாடி ஒரு தெத்துப்பல். வேலைக்குப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு, இப்போ சரி பண்ணிக்கலாம்னு ஒரு கிளினிக்குக்குப் போய் ஸ்கேன் எடுத்தா. அங்கிருந்தே எனக்கு ஃபோன். "மாமா, ஒரு ஓடிபி வந்திருக்கு, சொல்லிடவா?"

எதுக்கு ஓடிபின்னு கேட்டேன். "இஎம்ஐக்காம்." அது ஒரு நிதி நிறுவனத்துல 1,20,000 ரூபாய் கடன் வாங்கறதுக்கான சம்மதம்னு அவளுக்குத் தெரியல. ஸ்கேன் எடுத்த சேரை விட்டே இன்னும் எழுந்திரிக்கல!

அலைனர் கெட்டதுன்னு நான் சொல்ல வரல. சரியான ஆளுக்கு, சரியான டாக்டர் கையில, நல்ல சிகிச்சைதான். பணம் கட்டற முறையிலதான் சிக்கல் இருக்கு. அது புரியணும்னா முதல்ல அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும்.

அலைனர்ங்கறது உங்க பல் வரிசைக்கு அச்சு எடுத்த மாதிரி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை. ஒவ்வொரு டிரேயும் பல்லை சுமார் கால் மில்லிமீட்டர் தள்ளும். ஒண்ணு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அடுத்த டிரே. பல் நகர்ற பக்கம் எலும்பு கரையும், அது விட்டுட்டு வந்த பக்கம் புது எலும்பு வளரும். உடம்பு தன் வேகத்துலதான் இதைச் செய்யும், அதை அவசரப்படுத்த முடியாது. அதனால சிகிச்சை பல மாசம் இழுக்கும். அவளுக்குச் சொன்னது 18 மாசம்.

அதாவது நீங்க வாங்கறது பொருள் இல்ல, 18 மாச சேவை. ஆனா லோன் போட்டா, கிளினிக்குக்குப் பணம் ஆரம்பத்துலயே மொத்தமா போயிடும். நடுவுல கிளினிக் மூடிட்டா? டாக்டர் மாறிட்டா? உங்க கடன் நிதி நிறுவனத்தோட. டிரே வரலைன்னாலும் தவணை வரும்.

இது கற்பனை பயம் இல்ல. அமெரிக்காவுல ஸ்மைல் டைரக்ட் கிளப்னு ஒரு கம்பெனி, 2014-ல ஆரம்பிச்சாங்க. டாக்டரை நேர்ல பார்க்க வேண்டாம், வீட்டுக்கே அலைனர் அனுப்பறோம்னு சொல்லி லட்சக்கணக்கானவங்களுக்கு வித்தாங்க. 2019-ல பங்குச் சந்தைக்கு வந்தப்போ ஒரு பங்கு 23 டாலர். 2023 செப்டம்பர்ல திவால் மனு, டிசம்பர்ல மொத்தமா மூடிட்டாங்க. பாதி சிகிச்சையில இருந்தவங்க உங்க ஊர் டாக்டரைப் பாருங்கன்னு கைகழுவிட்டாங்க. கொடுத்திருந்த 'வாழ்நாள் உத்தரவாதம்' அன்னிக்கே காலி. ஆனா மாசத் தவணையில இருந்தவங்க மட்டும் மீதிப் பணத்தை தொடர்ந்து கட்டணும்னு அறிவிச்சாங்க! பங்குச் சந்தையில இருந்த கம்பெனிக்கே இந்த நிலைமை.

வட்டி இல்லாத இஎம்ஐ-ல வட்டி எங்க இருக்கு?

அவ எஸ்டிமேட் 1,20,000. பன்னிரண்டு மாசம், மாசம் 10,000, "நோ காஸ்ட்". வட்டி இல்லாம யாரும் கடன் தர மாட்டாங்க. 2013-லயே ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு வங்கிகளுக்கு சொல்லிடுச்சு. வட்டியை கிளினிக் தன் விலையில இருந்து விட்டுக்கொடுக்குது, அவ்வளவுதான்.

வருஷ வட்டி 15 சதவீதம்னு வெச்சுக்கோங்க. மாசம் 10,000 வீதம் 12 மாசம் வரணும்னா, கடன் தொகை சுமார் 1,10,800 ரூபாய். கிட்டத்தட்ட 9,200 வட்டி. அப்போ கிளினிக் கைக்குப் போறது 1,10,800தான். இதுவே கிரெடிட் கார்டு இஎம்ஐன்னா அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 1,650 ரூபாய், உங்க பாக்கெட்ல இருந்து. நிதி நிறுவனக் கடன்னா வட்டிக்கு ஜிஎஸ்டி இல்ல, ஆனா பிராசஸிங் ஃபீ இருந்தா அதுக்கு உண்டு. ஒரு தவணை தவறினா சிபில் ஸ்கோர்லயும் தெரியும்.

இதுல உங்களுக்கு ஒரு பிடி இருக்கு. 1,10,800-க்கு சம்மதிக்கற கிளினிக், ரொக்கத்துக்கும் அதே விலைக்கு சம்மதிக்கலாமே? கேளுங்க. நாங்க கேட்டோம். முதல்ல "கம்பெனி ரேட் சார்"னாங்க. ரெண்டு நாள் கழிச்சு 1,12,000-க்கு இறங்கி வந்தாங்க. அதையும் மூணு பாகமா பிரிச்சோம்: பிளான் ஓகே ஆனதும் ஒண்ணு, முதல் செட் டிரே கையில வந்ததும் ஒண்ணு, பாதி சிகிச்சை முடிஞ்சதும் மீதி. எனக்கு விலைக் குறைப்பை விட இந்தப் பிரிப்புதான் முக்கியம். வேலை நடந்த அளவுக்குத்தான் பணம் போகுது.

கையில ரொக்கம் இல்ல, லோன்தான் வழின்னா, கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்டை கேட்டு வாங்குங்க. அதுல மொத்தச் செலவையும் சேர்த்த வருஷ வட்டி விகிதமும், கடனை ரத்து பண்ண எத்தனை நாள் அவகாசம்னும் இருக்கும். படிச்சுட்டு அப்புறம் ஓடிபி.

எஸ்டிமேட்ல இல்லாத செலவு

முதல் செட் முடிஞ்சும் பல் பிளான்ல இருந்த இடத்துக்கு வரலைன்னா, மறுபடி ஸ்கேன் எடுத்து கூடுதல் டிரே பண்ணுவாங்க. இதுக்கு ரிஃபைன்மென்ட்னு பேர். ரொம்ப சாதாரணமா நடக்கறதுதான். எத்தனை தடவை இலவசம்னு எழுதி வாங்குங்க. டிரே தொலைஞ்சா எவ்வளவு? (கல்யாண வீட்டுப் பந்தியில டிஷ்யூ பேப்பர்ல சுத்தி வெச்சு, இலையோட போனது எத்தனையோ!) எல்லாம் முடிஞ்ச பிறகு பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க ரீடெய்னர் வேணும், ராத்திரி ராத்திரி, பல வருஷம். தேய்ஞ்சா புதுசு வாங்கணும். அது விலையில சேருமா சேராதா?

ஹெல்த் இன்சூரன்ஸ் கட்டும்னு நம்பிடாதீங்க. அழகுக்காக செய்யற சிகிச்சையும் விபத்து இல்லாத பல் சிகிச்சையும் பெரும்பாலான பாலிசிகள்ல வராது.

இன்னொண்ணு, உங்களை நீங்களே கேட்டுக்க வேண்டியது. ஒரு நாளைக்கு 20லிருந்து 22 மணி நேரம் டிரே வாயில இருக்கணும். மூணு வேளை சாப்பாடு, பல் தேய்க்கறது, நாலு டீ எல்லாம் அந்த ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள. உங்களால முடியாதுன்னா அந்த ஒரு லட்சம் டப்பாவுக்குள்ளதான் இருக்கும். அப்படிப்பட்டவங்களுக்கு கழட்ட முடியாத பழைய கம்பி கிளிப்பே மேல், விலையும் பொதுவா குறைவு. பல்லைத் திருப்பணும், பல் எடுத்து இடம் மூடணும் மாதிரி சிக்கலான கேஸ்ல பல டாக்டர்கள் கம்பியைத்தான் சொல்வாங்க.

அதனால ரெண்டாவது கருத்து கேளுங்க. பி.டி.எஸ். முடிச்சு, பல் சீரமைப்புல எம்.டி.எஸ். படிச்ச ஆர்த்தோடான்டிஸ்ட்கிட்ட, எக்ஸ்ரேயோட. வேரும் எலும்பும் எப்படி இருக்குன்னு பார்க்காம பல்லை நகர்த்தறேன்னு சொல்ற இடத்துல இருந்து எழுந்து வந்துடுங்க. பட்ஜெட் இடிச்சா, சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில இதுக்குத் தனிப் பிரிவே இருக்கு. காத்திருக்கணும், லீவ் போடணும், ஆனா செலவு தனியாரோட ஒப்பிடவே முடியாது.

அக்கா பொண்ணு இப்போ மூணாவது டிரேல இருக்கா. ரெண்டு டீயை விட்டுட்டாளாம். நான் போட்ட இஎம்ஐ கணக்கை உங்க தொகைக்கு ஏத்த மாதிரி எப்படிப் போடறதுன்னு அடுத்த வீடியோவுல எக்செல் ஷீட்டோட காட்டறேன்.