தடுப்பூசி அட்டையில் இல்லாத கேள்வி

வடசென்னையின் எண்ணூரில் ஒரு குழந்தை பிறந்தால், பெயர் வைப்பதற்கு முன்பே அதற்குத் தடுப்பூசி அட்டை வந்துவிடுகிறது. பிறந்ததும் பி.சி.ஜி., அப்புறம் ஒன்றரை மாச ஊசி, இரண்டரை மாச ஊசி, மூன்றரை மாச ஊசி, ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா. "ஊசி போட்டாச்சா?" என்று கேட்காத பாட்டி இந்தப் பக்கம் இல்லை. ஆனால் அந்தக் குழந்தை எந்தத் தூசியைச் சுவாசிக்கிறது, அப்பா வேலையிலிருந்து சட்டையில் எதைக் கொண்டுவருகிறார் என்று கேட்பதற்கு அட்டையில் ஒரு கட்டம்கூட இல்லை.

அட்டையின் ஒவ்வொரு தேதிக்கும் பின்னால் ஏதோ ஒரு குழுவின் வாக்குவாதம் இருக்கிறது. அரசுக்கு என்.டி.ஏ.ஜி.ஐ. என்ற ஆலோசனைக் குழு. மருத்துவர்கள் தரப்பில், 1963இல் தொடங்கிய இந்தியக் குழந்தைநல மருத்துவர்கள் அகாடமியின் தடுப்பூசிக் குழு. அகாடமியின் பரிந்துரைகள் ‘இந்தியன் பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளியாகும். சுருக்கத்திலேயே நான்கு தலைப்புகள்: இந்த அறிக்கைக்கு இப்போது என்ன தேவை, எப்படித் தயாரானது, எதற்காக, என்ன பரிந்துரை. அவசரத்தில் இருப்பவர்கள் கடைசித் தலைப்புக்குத் தாவிவிடுவார்கள். எனக்கு முதல் இரண்டும்தான் முக்கியமாகப் படுகின்றன. யார் கூடினார்கள், எந்த ஆய்வுகளைப் படித்தார்கள், ஆய்வு போதாத இடத்தில் எதை வைத்து ஒருமித்த முடிவுக்கு வந்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

இத்தகைய குழுக்களின் மேசையில் நம் ஊர்க் குழந்தையின் இரத்தம் பேசிய கதை ஒன்று உண்டு. மேலைநாடுகளில் போலியோ சொட்டு மருந்து மூன்று முறை கொடுத்தால் போதும் என்று எண்ணியிருந்த காலத்தில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) டாக்டர் டி. ஜேக்கப் ஜான் இங்குள்ள குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார். மூன்று தவணைக்குப் பிறகும் பலருக்கு எதிர்ப்பாற்றல் உருவாகியிருக்கவில்லை. தவணைகளைக் கூட்ட வேண்டும், ஊசி மருந்தையும் சேர்க்க வேண்டும் என்று அவர் பல பத்தாண்டுகள் வாதாடினார். ஊசி மருந்து தேசியத் திட்டத்தில் சேர்ந்தது 2015 நவம்பரில். தாமதம்தான். ஆனாலும் வேலூரில் எடுத்த இரத்தம் இல்லாவிட்டால் அந்த வாதத்துக்குக் கால் இருந்திருக்காது.

வடசென்னைக்கு அப்படி ஒரு வாதம் வேண்டும். ராயபுரம் பக்கத்து வீடுகளில் நிலக்கரித் தூசி படிகிறது என்ற நெடுநாள் புகாருக்குப் பிறகு, 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்றது. சரக்கு எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. தூசி சில கிலோமீட்டர் வடக்கே குடிபெயர்ந்தது, அவ்வளவுதான். அங்கே ஏற்கெனவே அனல்மின் நிலையங்களும் கொசஸ்தலை ஆற்றோரம் சாம்பலும் இருந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் முகத்துவாரத்துக்கு வந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கசிவு ஏற்பட்ட இரவில் எல்லோரும் கேமராவோடு வருகிறார்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேர்வதை யாரும் படம் பிடிப்பதில்லை.

அப்படிச் சேர்வதில் காரீயம் கொடியது. சென்னையில் 3 முதல் 7 வயது வரையான 756 குழந்தைகளைச் சோதித்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து செய்தது. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. அன்றைக்கு அமெரிக்காவில் கவலைக்குரிய அளவு 10. அதாவது, சராசரிக் குழந்தையே எல்லையைத் தாண்டி நின்றது. அளவு கூடக் கூட, பதற்றமும் கவனச்சிதறலும் கூடியதாக ஆசிரியர்களின் மதிப்பீடு காட்டியது. இந்தியாவில் காரீயம் கலந்த பெட்ரோல் 2000இலேயே நின்றுவிட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பழைய பெயின்ட், பேட்டரி, பட்டறைத் தூசி என்று அது வேறு வழிகளில் வந்துகொண்டிருக்க வேண்டும்.

அமெரிக்காவின் அந்த எல்லை மாறிய விதம், குழுக்கள் எப்படிக் கற்கின்றன என்பதற்கு நல்ல பாடம். 1960களில் 60 மைக்ரோகிராம் வரை பொறுத்துக்கொண்டார்கள். 1971இல் 40, 1975இல் 30, 1985இல் 25, 1991இல் 10. இடையில் 1979இல் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற மருத்துவர் பாஸ்டன் அருகே பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து, பல்லில் காரீயம் அதிகமுள்ள பிள்ளைகள் அறிவுத்திறன் தேர்வுகளில் பின்தங்குவதைக் காட்டினார். காரீயத் தொழிலுக்காகச் சாட்சி சொன்ன நிபுணர்கள் அவர்மீது முறைகேட்டுப் புகார் கொடுத்தார்கள். விசாரணையில் அவர் நேர்மை தவறவில்லை என்று முடிவானது. குழுவில் உட்காருகிறவர் யாரிடம் பணம் வாங்குகிறார் என்று எழுதிக் கேட்பது ஏன் அவசியம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் அகாடமியில் ஒரு கொள்கை அறிக்கை எழுத முதலில் இயக்குநர் குழுவின் அனுமதி வேண்டும். வரைவு மற்ற குழுக்களின் கண்ணில் பட்டு, திருத்தப்பட்டு வர வேண்டும். வெளியான ஐந்தாண்டுகளில் மறுபடி உறுதிசெய்யவோ திருத்தவோ செய்யாவிட்டால் அறிக்கை தானாகவே காலாவதியாகிவிடும். எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான். காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்று அவர்களின் 2016 அறிக்கை திட்டவட்டமாகச் சொன்னது. அமெரிக்க அரசின் ஒப்பீட்டு அளவு 2012இல் 5 ஆனது, 2021இல் 3.5.

வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கும் இதில் இடமில்லை. காரீயத்தை உடம்பிலிருந்து வெளியேற்றும் மருந்தை 780 குழந்தைகளிடம் சோதித்தார்கள்; இரத்தத்தில் அளவு குறைந்தது, அறிவுத்திறன் மேம்படவில்லை. 2001இல் வந்த அந்த முடிவுக்குப் பிறகு வருமுன் காப்பதைத் தவிர வழியில்லை என்றாகிவிட்டது.

ஆகவே தொழிற்பகுதிக் குழந்தைகளுக்கென நம் குழந்தைநல மருத்துவர்கள் அகாடமி ஓர் அறிக்கை எழுத உட்கார்ந்தால், முதல் வரி ராயபுரம் தெருவிலிருந்து தொடங்கட்டும். பக்கத்துக் காசிமேட்டில் மீன் வலை சீர்செய்யும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். வலையின் அடிக்கயிற்றில் வரிசையாகக் கோர்த்திருப்பவை காரீயக் குண்டுகள். கழன்றதைப் பல்லால் கடித்து இறுக்குவதும், அதே கையால் பிள்ளைக்கு வடையைப் பிட்டுக் கொடுப்பதும் அங்கே நடக்கக்கூடிய காரியங்கள்தான். பேட்டரிப் பட்டறையில் வேலை செய்பவரின் சட்டை வீட்டுத் துணியோடு சேர்ந்து ஊறும். இரும்புச்சத்து குறைந்த உடம்பு காரீயத்தை அதிகமாக உறிஞ்சும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அப்படியென்றால் கீரையும் முட்டையும் இரும்புச்சத்து டானிக்கும்கூடக் காரீயத் தடுப்பில் சேரும். வேலை முடிந்து சட்டை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள், வீட்டை ஈரத்துணியால் துடையுங்கள் என்பதும் அறிக்கையில் இடம்பெற வேண்டும். ஆனால் எல்லாப் பொறுப்பையும் தாயின் துடைப்பத்தில் சாத்திவிட்டு ஆலையை விட்டுவிடும் அறிக்கையை நான் ஏற்க மாட்டேன். சாம்பலையும் புகையையும் கட்டுப்படுத்தச் சொல்லும் பரிந்துரை மருத்துவர்களின் கையெழுத்தோடு அரசுக்குப் போக வேண்டும்.

அதற்கு எண் வேண்டும். சென்னை முழுமைக்குமான சராசரி போதாது, எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் என்று தனித்தனியாக வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனையிலும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இரத்தசோகை பார்க்க இதே குழந்தைகளுக்கு ஏற்கெனவே இரத்தம் எடுக்கிறார்கள். அதே ஊசியில் இன்னும் சில துளிகள் எடுத்துக் காரீயத்தையும் பார்த்துவிடலாம். அந்த முடிவுகள் வார்டு வாரியாக அச்சாகி, குழு கூடும் அறைக்குள் போகட்டும்.