சுண்ணாம்புக் கல்லில் பதிந்த மழைக் கணக்கு

மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளின் பழைய கட்டிடங்களில், நீர் கசியும் கான்கிரீட் தளத்தின் அடிப்புறத்தில் வெண்ணிறக் குச்சிகள் தொங்குவதைக் காணலாம். கசியும் நீர் சுண்ணாம்பைக் கரைத்து வந்து, சொட்டுமிடத்தில் விட்டுச் செல்கிறது. ரசாயன மாற்றம் சற்று வேறாயினும், மாணவர்க்குக் காட்ட இதனினும் எளிய உதாரணம் இல்லை.

சுண்ணாம்புப் பாறைக் குகைகளில், மழைநீர் மண்ணிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று, மெல்லிய அமிலமாகிப் பாறையைக் கரைக்கிறது. குகையை அடைந்ததும் அவ்வாயு பிரிய, சுண்ணாம்பு படிகிறது. கூரையிலிருந்து தொங்குவது கல்விழுது. தரையிலிருந்து எழுவது கல்முளை. கல்முளையில் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைவதால், ஆராய்ச்சிக்கு அதுவே பெரிதும் பயன்படுகிறது. எலிபெண்டா, கன்ஹேரி குகைகளில் இவற்றைத் தேடிப் பயனில்லை. அவை எரிமலைப் பாறையில் மனிதர் குடைந்தவை.

அடுக்கின் வயதை அறிவது எவ்வாறு? யுரேனியம் நீரில் கரையும். தோரியம் பெரும்பாலும் கரையாது. ஆகவே புதிய அடுக்கில் யுரேனியம் மட்டுமே சேர்கிறது. அது சிதைந்து தோரியமாக மாறும் வேகம் தெரிந்ததாகையால், இரண்டின் விகிதம் வயதைக் கூறிவிடும். மழையின் அளவைக் கூறுவது பிராணவாயு. பருவமழை வலுத்த காலத்து நீரில், எடை மிகுந்த பிராணவாயு அணுக்கள் பொதுவாகக் குறைந்திருக்கும். மேகம் வந்த கடலும் வழியும் இவ்விகிதத்தை மாற்றக்கூடும். எனவே இதனை மில்லிமீட்டர்க் கணக்காகக் கொள்ளலாகாது. ஒரு நாள் வெள்ளமும் இதில் தனியே தெரியாது. 2005 ஜூலை 26-ல் மும்பை சாந்தாகுருஸில் பெய்த 944 மில்லிமீட்டர் மழையும் குகைக் கூரைக்குள் பிற நீரோடு கலந்தே சொட்டும். ஆண்டுகளும் பத்தாண்டுகளுமே கல்லில் பதிகின்றன.

மேகாலயத்தின் மாவ்ம்லூ குகைக் கல்முளையொன்று, ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை தளர்ந்ததைக் காட்டிற்று. அதனை அளவுகோலாகக் கொண்டு, அன்று முதல் இன்றுவரையுள்ள காலத்திற்கு 2018-ல் ‘மேகாலயக் காலம்’ எனச் சர்வதேசப் புவியியலாளர் பெயரிட்டனர்.

மராட்டிய நாட்டு வரலாற்றோடு நெருங்கியது பஸ்தர் வட்டாரத்துத் தண்டக் குகையின் கல்முளை. 2007-ல் வெளியான அதன் ஆராய்ச்சி, கி.பி. 600 முதல் 1500 வரையுள்ள மழைநிலையைத் தருகிறது. 14-ஆம் நூற்றாண்டிலும் 15-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் மழை பல்லாண்டுகள் தொடர்ந்து குன்றியது. தக்காணத்தில் 1396 முதல் 1407 வரை நீடித்ததாக மரபுவழி கூறப்படும் துர்காதேவிப் பஞ்சம் இக்காலத்தில் அடங்கும்.

கொலாபா வானாய்வகம் 1826-ல் நிறுவப்பட்டது. இந்திய வானிலைத் துறை 1875-ல் தோன்றியது. அத்தனை நீண்ட வறட்சி எதனையும் நம் மழைமானிகள் இதுவரை அளந்ததில்லை.