பயனர் குறையும் படைப்பாளர் மறுமொழியும்

கீழக்கரையில் படகு ஒன்றின் எஞ்சினைத் தாங்கும் தகட்டைக் கணினியில் வரைவதாகக் கொள்வோம். தகட்டின் ஒரு முகத்தில் நான்கு துளைகள் இடப்பட்டுள்ளன. பின்னர் ஒரு மூலையைச் சரித்துத் திருத்தினால், துளைகள் வேறு முகத்திற்குத் தாவிவிடக்கூடும். காரணம் யாது? மென்பொருள் ஒவ்வொரு முகத்தையும் ‘முகம் 6’ என்பதுபோல் வரிசை எண்ணாலேயே அறிகிறது. வடிவம் மாறியதும் வரிசை மாறுகிறது. அவ்வெண் வேறு முகத்தைச் சுட்டுகிறது.

2002இல் வெளிவந்த ‘ஃப்ரீகேட்’ என்னும் கட்டற்ற வரைவு மென்பொருளின் பயனர்கள் இக்குறையைப் பல்லாண்டுகள் எடுத்துரைத்தனர். முகத்தின்மேல் வரையாது, தனியே அமைத்த துணைத்தளத்தின்மேல் வரையுமாறு அவர்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. அது பயன் தந்தது; ஆயினும் சுமை பயனர் மீதே இருந்தது. பின்னர், ஒரு முகம் எச்செயலால் தோன்றியது என்பதையும் அதன் பெயரிலேயே பதியும் முறையைத் தன்னார்வ நிரலாளர் ஒருவர் உருவாக்கினார். பலர் அதனைச் சோதித்து முதன்மை மென்பொருளில் இணைத்தனர். 2024 நவம்பரில் வெளியான 1.0 பதிப்பில் அக்குறை பெருமளவு நீங்கியது.

மாற்றுவழி கூறுதல் உடனடி உதவி. வேரைக் கண்டு திருத்துதலே முழுமையான மறுமொழி. குறை கூறுவோரும் ‘வேலை செய்யவில்லை’ என்பதோடு நில்லாது, எப்பதிப்பில், எப்படிநிலையில், என்ன நேர்ந்தது எனத் தெளிவாக எழுதுதல் வேண்டும்.