ஆபாசச் சட்டத்தில் விடுபட்ட சம்மதம்

புது தில்லி: 'பண்டிட் குயின்' திரைப்படத்தின் நிர்வாணக் காட்சி ஆபாசமன்று என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 மே மாதத்தில். அக்கதைக்கு உரியவரான பூலன் தேவி, உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்வானதும் அதே மாதத்தில்தான்.

உச்ச நீதிமன்றம் வரை சென்ற அந்த வழக்கைத் தொடுத்தவர் பூலன் தேவி அல்லர். குஜ்ஜார் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர், தமது சமூகத்துக்குப் படத்தால் இழுக்கு நேர்ந்ததாக முறையிட்டிருந்தார். படத்துக்கு அளிக்கப்பட்ட 'ஏ' சான்றிதழை தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, உச்ச நீதிமன்றம் அதை மீட்டளித்தது. அக்காட்சி பார்ப்பவரிடம் காமத்தைத் தூண்டாது. கொடுமை இழைத்தோர் மீது அருவருப்பையே எழுப்பும் என்று நீதிபதிகள் கருதினர். சரியான தீர்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால், தம் மீது நிகழ்த்தப்பட்ட வன்கொடுமையைத் தமது சம்மதமின்றித் திரையில் காட்டலாமா என்று பூலன் தேவி முன்னதாகவே தில்லி உயர் நீதிமன்றத்தில் கேட்டிருந்தார். இரு தரப்புக்கும் உடன்பாடு ஏற்பட்டு அவ்வழக்கு முடிந்துபோனது. சமூகத்தின் மானமும் பார்வையாளரின் மனமும் இறுதிவரை விசாரிக்கப்பட்டன. உரியவரின் கேள்விக்கு மட்டும் விடை எழுதப்படவில்லை.

ஆபாசத்தை இந்தியச் சட்டம் பார்ப்பவரின் கண்ணிலிருந்தே அளந்து வந்துள்ளது. 1868-ஆம் ஆண்டின் ஆங்கிலேயத் தீர்ப்பொன்றின் அளவுகோலை 1964-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதைக் கைவிட்டதோ 2014-இல்தான். டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர் தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணுடன் ஆடையின்றி எடுத்துக்கொண்ட படத்தை 1993-இல் கொல்கத்தா இதழ்கள் மறுபதிப்புச் செய்தன. படத்தில் இருந்த இருவருக்கும் சம்மதம்; நிறவெறிக்கு எதிரான செய்தியும் அதில் இருந்தது. எனினும், அது ஆபாசமன்று என்று தீர்மானிக்க 21 ஆண்டுகள் ஆயின.

இணையம் வந்த பின்னர் குழப்பம் கூடியது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பழைய ஆபாசக் கோட்பாட்டையே மின்னணு ஊடகத்துக்கும் நீட்டித்தது. அதன் 2008 திருத்த மசோதா, மும்பைத் தாக்குதலுக்கு அடுத்த மாதம், மக்களவையில் விவாதமின்றியே நிறைவேறியது. விவாதித்திருந்தால் ஒரு முரண் கண்ணில் பட்டிருக்கும். பாலியல் செயலை வெளிப்படையாகக் காட்டும் பதிவை வெளியிட்டால், 67-ஏ பிரிவின்படி முதல் குற்றத்துக்கே 5 ஆண்டுகள் வரை சிறை. ஒருவரின் அந்தரங்க உறுப்பைச் சம்மதமின்றிப் படமெடுத்துப் பரப்பினால், 66-ஈ பிரிவின்படி அதிகபட்சம் 3 ஆண்டுகள், அபராதத்தோடும் விட்டுவிடலாம். கூசிய கண்ணுக்கு 5, குலைக்கப்பட்ட அந்தரங்கத்துக்கு 3.

இவ்வேறுபாட்டின் விளைவை அண்மை ஆண்டுகளின் இரு வழக்குகளில் காணலாம். 2022 ஜூலையில் நடிகர் ரண்வீர் சிங் தாமே விரும்பி ஓர் அயல்நாட்டு இதழுக்கு ஆடையின்றி நின்றார். பெண்களின் உணர்வு புண்பட்டதாகத் தொண்டு நிறுவனம் ஒன்று புகார் அளிக்க, மும்பை போலீஸார் 67-ஏ பிரிவையும் சேர்த்து வழக்குப் பதிந்தனர். 2023 நவம்பரில் நடிகை ரஷ்மிகா மந்தானாவின் முகத்தை வேறொரு பெண்ணின் உடலில் பொருத்திய 'டீப்ஃபேக்' காட்சி பரவியது. முகத்துக்கு உரியவரும் உடலுக்கு உரியவரும் சம்மதிக்கவில்லை. தில்லி போலீஸார் போலி ஆவணம், அடையாளத் திருட்டு ஆகியவற்றுக்கான பிரிவுகளைத் தேடிப் பொருத்த வேண்டியிருந்தது. 2024 ஜனவரியில் பொறியாளர் ஒருவர் கைதானார். ரசிகர் பக்கத்தைப் பின்தொடர்வோரின் எண்ணிக்கையைப் பெருக்கவே அவர் இதைச் செய்ததாக போலீஸார் கூறினர்.

முழுத் தடைக்கும் பலன் இருக்கவில்லை. 2015-இல் 857 தளங்களை முடக்க உத்தரவிட்ட மத்திய அரசு, எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களிலேயே பின்வாங்கியது. பாதிக்கப்பட்டவரின் குரலுக்கு ஓரளவு இடம் தந்தவை 2021-இன் விதிகள்தாம். நிர்வாணமாகக் காட்டும் படங்களை, உருமாற்றப்பட்டவை உள்பட, அதில் காட்டப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் அளித்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என அவை விதித்தன. இவை நாடாளுமன்றம் விவாதித்து இயற்றிய சட்டமல்ல, அரசு வகுத்த விதிகள். மீறும் நிறுவனம் 79-ஆம் பிரிவின் பாதுகாப்பை இழக்க நேரிடும். படத்தைப் பரப்பியவரைக் கண்டுபிடித்துத் தண்டனை வாங்கித் தருவதற்கு, புகார் அளித்த பெண் பழையபடி காவல் நிலையத்துக்குத்தான் செல்ல வேண்டும்.