செயற்கை இதய வால்வு: ரத்தம் உறையாமல் தடுக்க ஆஸ்பிரின் மட்டும் ஏன் போதாது?

திருவனந்தபுரம்: தமிழக எல்லையை ஒட்டிய பொழியூர் கடற்கரையிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 30 கி.மீ. தொலைவில் உள்ளது. அந்நகரின் பூஜப்புரையில், முன்னாள் அரண்மனை ஒன்றில் இயங்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில்தான் ‘சித்ரா’ இதய வால்வு உருவானது. மருத்துவர் எம்.எஸ்.வலியத்தான் தலைமையிலான குழுவின் முந்தைய மூன்று வடிவங்கள் தோல்வியடைந்தன. நான்காவது வடிவம் 1990 டிசம்பரில் முதன்முறையாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இறக்குமதி வால்வுகளை விட விலை குறைந்த இது, பின்னர் வணிக ரீதியில் தயாரிக்கப்பட்டு, நாடு முழுவதும் பயன்பாட்டுக்கு வந்தது.

வால்வு பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் அதைப் பொருத்திக்கொண்டவர், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். ‘தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது, பிறகு எதற்கு மாத்திரை?’ என்ற ஐயம் பலருக்கும் எழுகிறது. டெங்கு காய்ச்சல் பழக்கிவிட்ட கேள்வி அது. டெங்குவில் எண்ணிக்கை முக்கியம். வால்வு நோயிலோ தட்டணுக்கள் எவ்வளவு தூண்டப்பட்டுள்ளன என்பதே முக்கியம். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4 லட்சம் வரை தட்டணுக்கள் இருப்பது இயல்பு. அந்த எண், அவை அமைதியாக மிதக்கின்றனவா அல்லது ஒட்டிக்கொள்ளத் தயாராக உள்ளனவா என்பதைக் காட்டாது.

தட்டணுக்கள் இரு வழிகளில் தூண்டப்படுகின்றன. செயற்கை வால்வின் குறுகிய இடைவெளிகளில் ரத்தம் பாய்ந்து சுழலும்போது ஏற்படும் உராய்வு விசை அவற்றை நேரடியாகத் தூண்டுகிறது. சித்ரா வால்வில் கோபால்ட்-குரோமியம் கலப்புலோகக் கூட்டுக்குள் பாலிஎத்திலீன் வட்டு சாய்ந்து திறந்து மூடுகிறது. விளிம்பில் பாலியஸ்டர் துணி வளையம் உள்ளது. எவ்வளவு வழவழப்பாகச் செய்யப்பட்டாலும், இவை ரத்தத்துக்கு அந்நியப் பரப்புகளே. அவற்றின் மீது புரதங்கள் படிகின்றன. தட்டணுக்கள் வந்து ஒட்டுகின்றன. தொடர்ந்து ஃபைப்ரின் என்னும் நார்ப்பொருள் வலை பின்னுகிறது.

வாதக் காய்ச்சலால் மிட்ரல் வால்வு சுருங்கியவர்களின் நிலை வேறு. அங்கு இதயத்தின் இடது மேலறை விரிந்து, ரத்தம் தேங்குகிறது. மேலறை ஒழுங்கற்றுத் துடிக்கத் தொடங்கினால் தேக்கம் மேலும் கூடுகிறது. ஓடாத ரத்தத்தில் உருவாகும் கட்டி பெரும்பாலும் ஃபைப்ரினாலும் சிவப்பணுக்களாலும் ஆனது. அது பிரிந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் ஏற்படும்.

ஆஸ்பிரின் தட்டணுக்களின் ஒரு தூண்டல் பாதையை மட்டுமே அடைக்கிறது; ஃபைப்ரின் உருவாவதை நிறுத்துவதில்லை. ஆகவே, வைட்டமின் கே-யின் செயலைத் தடுக்கும் வார்ஃபரின், அசினோகூமரால் போன்ற மருந்துகளே இங்கு அடிப்படை. புதிய மருந்துகள் இந்த இடத்தைப் பிடிக்க முயன்று தோற்றன. உலோக வால்வு நோயாளிகளிடம் டபிகாட்ரான் சோதிக்கப்பட்டபோது, ரத்தக் கட்டிகளும் ரத்தப்போக்கும் அதிகரித்ததால் ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. அதன் முடிவு 2013-ல் வெளியானது. வாத வால்வு நோயுடன் ஒழுங்கற்ற துடிப்பும் உள்ளவர்களிடம் நடந்த பன்னாட்டு ஆய்வு 2022-ல் வெளியானது. அதில் ரிவராக்சபானை விடப் பழைய மருந்துகளே நல்ல பலன் தந்தன.

பழைய மருந்துக்கு இரத்தப் பரிசோதனை கட்டாயம். ஐ.என்.ஆர். எனப்படும் அளவு, மிட்ரல் இடத்து செயற்கை வால்வுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். குறைந்தால் வால்வு அடைபடும். மிஞ்சினால் ரத்தம் கசியும். முருங்கைக்கீரை போன்றவற்றை ஒரு வாரம் அதிகமாக உண்டு மறுவாரம் விட்டாலே அளவு மாறும். உடல்வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக் ரத்தப்போக்கு அபாயத்தைக் கூட்டும். கர்ப்பிணிகளுக்கு இம்மருந்தால் கருவுக்குப் பாதிப்பு நேரலாம் என்பதால், கருத்தரிக்கும் முன்பே மருத்துவரின் ஆலோசனை தேவை.

எல்லையோர மீனவக் கிராமங்களில் இது எளிதான காரியமன்று. ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கும் ஒருவரால் மாதந்தோறும் பரிசோதனைக்கு வர முடியாது. பரிசோதனை தவறுவதை நோயாளியின் அலட்சியம் என்று மட்டும் தள்ளிவிட இயலாது. பாறசாலை, நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனைகள் அருகிலேயே இருந்தாலும், படகு கரை சேரும் நாளில்தான் அவர் அங்கு செல்ல இயலும். விரல் நுனி ரத்தத் துளியில் ஐ.என்.ஆர். காட்டும் கையடக்கக் கருவி இத்தகையோருக்கு உதவும்; விலைதான் தடை.

மாத்திரை சில நாள்கள் நின்றாலும் ஆபத்து. கரிம வட்டு கொண்ட வால்வுகளில் வழக்கமாகக் கேட்கும் ‘டிக்’ ஒலி மங்கினால், வால்வு அடைபடத் தொடங்கியிருக்கலாம். பாலிஎத்திலீன் வட்டுள்ள சித்ரா வால்வில் இயல்பாகவே ஒலி குறைவு என்பதால் இந்த அடையாளத்தை நம்ப முடியாது. திடீர் மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்வு ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனடியாக எக்கோ வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தோ மறு அறுவை சிகிச்சையோ அங்கு முடிவு செய்யப்படும்.